உறை

நீல மூடிக் குழாய்.
ஒன்பது பங்கு ரத்தம், ஒரு பங்கு சிட்ரேட்.
கோட்டுக்கு ஒரு நூல் குறைந்தாலும்
திருப்பி அனுப்பவேண்டும் என்பது விதி.
இதில் சரியாக இருந்தது.
கதிரொளி, பதினொரு வயது, தலைஞாயிறு.
ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்தியபடி
பூங்காவனம் வெளி பெஞ்சில் இருக்கிறாள்,
கை மாற்றாமல்.

சீட்டில் இவ்வளவுதான்:
ஃபேக்டர் எட்டு ஏற்றியும் முட்டி வீக்கம் வடியவில்லை.
இன்ஹிபிட்டர்?
கேள்விக்குறி மட்டும் பெரிதாக.

ஃப்ரீசரில் உறைந்திருப்பதை எடுக்கிறேன்.
இருபது பேரின் பிளாஸ்மா, ஒன்றாய்க் கலந்தது.
வாட்ச்மேன் சிங்காரவேலு,
ஆம்புலன்ஸ் ஓட்டும் அப்துல் கனி,
மாற்றலாகி நாகப்பட்டினம் போன எக்ஸ்ரே பையன்,
நான்.
யாருடையது எது என்று இனிப் பிரிக்க முடியாது.
வெந்நீர்த் தொட்டியில், முப்பத்தேழு டிகிரியில்
எல்லோரும் சேர்ந்து இளகுகிறோம்.

நெய் உறைவதற்கும் ரத்தம் உறைவதற்கும்
நம்மிடம் ஒரே சொல்.
ராத்திரி பாலில் விடுவதும் உறைதான்.
சொல் பஞ்சம்டி நமக்கு, என்பாள் பிலோமினா.
எனக்கென்னவோ
மார்கழி விடியலில், சமையல்கட்டில்
எவளோ விரலை அறுத்துக்கொண்டாள் என்றுதான் படுகிறது.

பையனுடையது பாதி, எங்களுடையது பாதி.
கலந்த கையோடு பார்த்தால்
முப்பத்தெட்டு வினாடியில் இழை பிடிக்கிறது.
தேறிவிட்டான் என்று தோன்றும்.
இங்கேதான் ஏமாறக் கூடாது.
இரண்டு மணி நேரம் வைத்திருந்து பார்க்கவேண்டும்.

பத்து நாற்பதுக்கு வைத்தேன்.
பதினொன்று ஐம்பதுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் தியேட்டருக்கு மட்டும்.
முப்பத்தாறு. முப்பத்தைந்து.
பிலோமினா ஃபிளாஸ்க்கைத் தொட்டியில் கவிழ்த்தாள்,
நாற்பத்தொன்று.
முப்பத்தேழுன்னே எழுதிக்க, யாரு கேக்கப்போறா.

குழாய்களை மஞ்சள் வாளியில் போட்டேன்.

அந்தக் கையில் இன்னொரு முறை குத்த
எனக்கு வாய் வரவில்லை.
காலையில் பிரித்தபோதே அரை மில்லி ஒதுக்கி
உறைய வைத்திருந்தேன்.
பயந்தவளின் பழக்கம்.

மறுபடி முதலிலிருந்து.
பாதியாய், காலாய், அரைக்காலாய், வீசமாய்
அவனை நீர்க்கச் செய்து
ஒவ்வொன்றிலும் எங்களை ஊற்றி
கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

கல்லணையும் தொறந்து பத்து நாளாச்சும்மா,
என்றாள் பூங்காவனம், நான் கேட்காமலே.
எங்க கடைமடைக்கு இன்னும் வரல்ல.
நடுவுல எவனோ அடைச்சி வச்சிருக்கான்.
இவனுக்கு ஏத்துறதும் அப்படித்தானோ?

ஆமாம் என்று தலையாட்டினேன்.
எவனோ இல்லை, அவன் உடம்பேதான்
என்று சொல்லவில்லை.
வந்த மருந்தை அந்நியன் என்று எண்ணி
இரவும் பகலும் மறித்துக்கொண்டிருக்கிறது,
அவனைக் காப்பதாக நினைத்து.
பையன் குழாயின் நீல மூடி ஒன்றைத்
தரையில் பம்பரமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தான்,
வீங்கிய காலை நீட்டிவைத்து.

அரைக்கால் குழாயில் எங்களில் பாதி மிச்சம்.
அப்படியென்றால் எட்டு அலகு.
ஐந்தைத் தாண்டினாலே
இந்த மருந்தை எவ்வளவு ஏற்றினாலும் வீண்.

தாளை வாங்கிப் பார்த்தாள்.
எண்கள் அவளுக்குத் தெரியும்.
எட்டா?
போன மாசம் ரத்தம் எட்டு, கொறச்சல்ன்னாங்க.
இது?

கூடுதல், என்றேன்.

அவள் முகத்தில் ஒரு நொடி
மேட்டூரில் அடி ஏறிய செய்தி கேட்ட
வெளிச்சம்.

அதை அணைக்க எனக்குக் கால்மணி நேரமானது.
வேறு மருந்து உண்டு, எட்டைத் தொடாமல்
சுற்றுவழியாகப் போய் உறைய வைப்பது.
இங்கே ஸ்டாக் இல்லை, எழுதிக் கேட்கவேண்டும்.
எத்தனை நாளாகும் என்றாள்.
தெரியவில்லை.

தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள்.
குனிந்து, அவன் கையில் ஒட்டியிருந்த பஞ்சை
மெல்லத் தூக்கிப் பார்த்தாள்.

மறுபடி வைத்து அழுத்தினாள்.